பச்சையாகத் தெரியும் காடு நல்ல நிலையில்தான் இருக்கிறதா? கணக்கெடுப்பது எப்படி

மழை முடிந்த கையோடு முதுமலைப் பக்கம் போனால் எங்கும் பச்சைதான், ஆனால் அதில் பாதி உண்ணிச்செடி என்ற களையாக இருந்தால் மானுக்கும் காட்டெருமைக்கும் தின்னப் புல் கிடைக்காது. அதனால் அண்ணாந்து பார்ப்பதைக் குறைத்துவிட்டுத் தரையைப் பாருங்கள்.

முதலில் அனுமதி. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இது இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய முடியாது. கூடவே யானைத் தடம் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் வரவேண்டும்.

இடங்களை வரைபடத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். ஜீப் பாதையோரம் வெளிச்சமும் அதிகம், களையும் அதிகம், அங்கேயே அளந்தால் கணக்கு தப்பாகும். 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் சுற்றளவு 30 செ.மீ.க்கு மேலுள்ள எல்லா மரங்களையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பால் அளந்து எழுதுங்கள் (சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும்). செத்து நிற்கும் மரத்தையும் விடாதீர்கள், மரங்கொத்திக்கு அதுதான் வீடு.

அப்புறம் முக்கியமானது, மரக்கன்றுகள். உள்ளே 5 மீட்டர் சதுரம் ஒன்று போட்டு எண்ணுங்கள். பெரிய தேக்கும் கருமருதும் நிறைய நிற்க, விரல் தடிமன் கன்று ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படலாம், ஆனால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். இலையுதிர் காட்டில் கோடைத் தீ தண்டை எரித்தாலும் பல மரங்களின் வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கும், அதனால் ஒருமுறை எண்ணினால் போதாது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேரில் 1 செ.மீ. தடிமன் தண்டைக்கூட விடாமல் 1988 முதல் திரும்பத் திரும்ப அளப்பது சும்மா இல்லை.

களையைக் கண்மதிப்பாகச் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும். 20 மீட்டர் டேப்பை நீட்டி, அதன் மேல் உண்ணிச்செடி படர்ந்த நீளத்தைக் கூட்டுங்கள்: 7 மீட்டர் வந்தால் 35 சதவீதம். காட்டில் களையாகப் பரவும் மஞ்சள் கொன்றை மரத்தை வெட்டிய இடமென்றால் அடிக்கட்டையில் எத்தனை துளிர் என்றும் பாருங்கள், வெட்டினால் சாகிற மரமில்லை அது.

மாட்டுச் சாணம், வெட்டுக்காயம், தீத்தழும்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்து நாலு திசையிலும் படம் எடுத்து வையுங்கள், அடுத்த முறை அதே மாதத்தில் அதே புள்ளிக்கு வரவேண்டும், ஏனென்றால் ஜனவரிக் காட்டையும் ஏப்ரல் காட்டையும் ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.