தூண்டில் வளைவின் இரு பக்கங்கள்: வடசென்னைக் கரையில் நிலம் உருமாறுவதைக் காண்பது எப்படி?

பாறைச் சிதைவு, அரிப்பு, படிவு என்று பாடநூல் பிரித்துச் சொல்லும் மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் காண விரும்புவோர், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே, கருங்கற்களைக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவு ஒன்றின் அருகே செல்ல வேண்டும். காந்தம், பாலித்தீன் பை, ஆரஞ்சுப் பழம், கைக்கடிகாரம் ஆகியவை போதும்.

முதலில் கடலை விட்டுவிட்டுக் கரையோரத்து மதிற்சுவரைப் பாருங்கள். செங்கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்புநீர் காயும்போது உப்பு படிகமாக வளர்ந்து உள்ளிருந்தே நெருக்குவதால், பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். விரலால் தடவினால் வெண்ணிற உப்பும் செம்பொடியும் ஒட்டும். இருந்த இடத்திலேயே பொருள் நொறுங்கும் இதுவே சிதைவு. மலைப்பாறையில் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மழைநீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிவிட, எளிதில் அழியாத குவார்ட்ஸ் என்னும் கனிமம் மணலாக எஞ்சி ஆற்றோடு கடலுக்கு வருகிறது. காந்தத்தைப் பைக்குள் இட்டு, மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும் இடத்தில் இழுத்தால், மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள் மயிர்க்கால்கள் போலச் சிலிர்த்து நிற்கும். அவையும் பாறையிலிருந்து பிரிந்து வந்தவையே. கனமானவை என்பதால், இலேசான மணலை அலை வாரிச் சென்ற பிறகும் தங்கிவிடுகின்றன.

அடுத்து, ஆரஞ்சை அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் எறிந்து, 5 நிமிடத்தில் அது கரையோரமாக எந்தத் திசையில், எத்தனை அடி நகர்கிறது என்று நடந்தே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின்போது பெரும்பாலும் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். மணலும் அவ்வழியே செல்கிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே அதிகம். ஆகவே ஜூலையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என இருமுறை செய்வது அவசியம்.

இனித் தூண்டில் வளைவின் அடிக்கு வாருங்கள். கற்களின் மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும். வடக்கே செல்லும் மணலைக் கற்கள் தடுப்பதால், பொதுவாகத் தெற்குப் பக்கம் மணல் மேடிட்டிருக்கும், இது படிவு; வடக்குப் பக்கம் கரை உள்வாங்கியிருக்கும், இது அரிப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபோது இதுவே பெரிய அளவில் நடந்தது: தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் தொடங்கி மீனவர் குப்பங்கள் கரையை இழந்தன. கடல் ஊரை விழுங்கியது என்று சொல்லிக் கடந்துபோவது அம்மக்களுக்கு நியாயமாகாது. அவர்களுக்கு வர வேண்டிய மணல் வழியிலேயே தடுக்கப்பட்டது என்பதே என் உறுதியான கருத்து.

ஓர் அளவையும் தொடங்கி வையுங்கள். நகராத சுவர் ஒன்றிலிருந்து மணல் விளிம்புவரை, இரு பக்கங்களிலும், மாதந்தோறும் கடல் வற்றும் நேரத்தில் நாடாவால் அளந்து, தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வாருங்கள்.