போர் வீரராக இருந்து விவசாயியாகக் குடியேறியவரின் வாழ்க்கையைத் தேடுவது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்துவிட்டு நெப்ராஸ்கா, கன்சாஸ் பக்கம் குடியேறிய ஒருவரின் கதை வேண்டுமென்றால், முதலில் ஓய்வூதியக் கோப்பைப் பிடியுங்கள். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். காயம், நோய், கல்யாணம், பிள்ளைகள் பிறந்த தேதி, சில சமயம் விதவை மனைவி குடும்ப பைபிளிலிருந்து கிழித்துக் கொடுத்த பக்கம்கூட அதில் கிடைக்கும். தெற்குப் படை வீரர் என்றால் அங்கே தேடாதீர்கள், அவர்களுக்கு மாநிலங்கள்தான் ஓய்வூதியம் கொடுத்தன.

அப்புறம் நிலக் கோப்பு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். வீடு எவ்வளவு பெரியது, எத்தனை ஏக்கர் உழுதார் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சியம் அப்படியே இருக்கும். குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 சட்டப்படி 160 ஏக்கர் வேண்டுமென்றால் ஐந்து வருடம் அங்கே வாழ வேண்டும். ஆனால் 1872 முதல் வீரர்களுக்குப் படையில் இருந்த காலத்தை அதில் கழித்துக்கொண்டார்கள், ஒரு வருடமாவது குடியிருந்தால் போதும். அதனால் பட்டா சீக்கிரம் வந்திருந்தால் குழம்ப வேண்டாம்.

1890 மக்கள்தொகைக் கணக்கில் பெயர் இல்லையா? சரி, விடுங்கள், 1921 தீவிபத்துக்குப் பிறகு அதில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. அதே 1890-இல் தனியாக எடுத்த படைவீரர் பட்டியலில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது, அதைப் பாருங்கள்.