தினம் ஒரு வரி: தேர்ந்தெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநகரப் பேருந்தில் எழுதியிருக்கும் குறளைப் படித்துக்கொண்டே அலுவலகம் போகிற ஊர் சென்னை. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் பலகையிலும், கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலும், பூங்காவில் காலை நடைக்கு வருபவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ‘இன்றைய பொன்மொழி’ வருவதில் ஆச்சரியமில்லை. நாலைந்து பேர் கூடி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் பலகையில் ஏறிய வரியை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பேச்சுப் போட்டிக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பொறுப்பு அதிகம்.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறு, வரியை மட்டும் பிடுங்கி எடுப்பது. ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்று எழுதி அடியில் பாரதியார் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். தமிழ் அழியப் போகிறது என்று பாரதியே சொல்லிவிட்டார் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு. பாட்டைத் திறந்து பார்த்தால் விஷயம் தலைகீழ். பேசுவது தமிழ்த்தாய். ‘மெல்லத் தமிழினிச் சாகும், அந்த மேற்கு மொழிகள் புவிமிசை யோங்கும்’ என்று ஒரு பேதை உரைத்தான் என்கிறாள். ‘இந்த வசையெனக் கெய்திட லாமோ’ என்று கேட்கிறாள். உடனே, எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று பிள்ளைகளை அனுப்புகிறாள். கவிஞர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பேச்சை அவருடைய முடிவாகவே ஆக்கிவிடுகிறோம். நாலு வரி மேலே, நாலு வரி கீழே படித்திருந்தால் இது நடக்காது.

குறளிலும் இந்த ஆபத்து உண்டு. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று மட்டும் எழுதினால் வள்ளுவர் பொய்க்கு அனுமதிச் சீட்டு கொடுத்ததுபோல் ஆகிவிடும். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற நிபந்தனை அடுத்து வருகிறது. அது இல்லாமல் 292ஆம் குறள் இல்லை. 1073ஆம் குறள் இன்னும் சிக்கல். ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்குகிறது. கயவர்கள் தேவர்களுக்குச் சமமாம். ஏனென்றால் இரண்டு பேரும் மனம்போன போக்கில் நடப்பவர்கள். கயமை அதிகாரத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் குத்தல் புரியும். பலகையில் தனியாக எழுதி, அதிகாரத்தின் பெயரையும் விட்டுவிட்டால், காலையில் அவசரமாக லிப்ட்டுக்குக் காத்திருப்பவர் என்னவென்று புரிந்துகொள்வார்? குறளை எழுதினால் முழுக் குறளையும் எழுத வேண்டும். எண்ணும் அதிகாரமும் கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, யார் சொன்னது என்ற கேள்வி. ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’ என்பதைத் திருக்குறள் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஔவையாரின் கொன்றை வேந்தனில் முதல் அடி. அந்த ஔவையாரையும் அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரையும் ஒருவராகவே எழுதுவது இன்னொரு குழப்பம். இருவரும் வேறு வேறு காலத்தவர் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்றால் எல்லோரும் மணிமேகலை என்பார்கள். சரிதான், அங்கே இருக்கிறது. அதற்கு முன்பே புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் குறிப்பிட்டால் படிப்பவருக்குக் கூடுதலாக ஒரு கதவு திறக்கும்.

‘எழுமின், விழிமின்’ என்பதை விவேகானந்தர் பெயரில் போடுவதை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். 1897இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது அவர் தங்கிய கட்டடம் கடற்கரைச் சாலையில் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நம் ஊருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. ஆனால் அந்த அழைப்பின் வேர் கடோபநிடதம் என்ற பழைய வடமொழி நூலில் இருக்கிறது. அதை அவர் தன் காலத்துக்கு எடுத்து முழங்கினார். இதை ஒரு சின்ன வரியில் சேர்த்துவிடலாம்.

வெளிநாட்டு மேற்கோள்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. ‘உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் தருவேன்’ என்பது மேடைகளில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் வாக்காக ஓடுகிறது. அதை எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால். வால்டேரைப் பற்றி 1906இல் வெளிவந்த தன் நூலில், அவருடைய மனப்பான்மையை விளக்க அப்படி எழுதினார். காந்தியின் ‘நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பதும் அவர் எழுத்தில் அந்த வடிவத்தில் கிடைப்பதில்லை. நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் 1913இல் அவர் எழுதியது இருக்கிறது. அதையே போடலாமே! அப்புறம், கலாம் படத்தை ஒட்டிவிட்டால் எந்த வாக்கியமும் கலாம் சொன்னது ஆகிவிடும் என்ற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்த நூலில், எந்த உரையில் என்று காட்ட முடியாத வரிக்கு அவர் பெயர் வேண்டாம்.

சினிமாப் பாட்டு வரிகளுக்கு நடிகர் பெயரைப் போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ‘தூங்காதே தம்பி தூங்காதே’ என்று எழுதி எம்.ஜி.ஆர். படத்தைப் போடுகிறார்கள். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோன கவிஞர் அவர். அவருடைய வரிக்கு அவர் பெயரையாவது கொடுக்க வேண்டாமா?

நினைவிலிருந்து எழுதுவதும் கூடாது. ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்று முடியும் குறள்கள் இரண்டு: ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்று தொடங்கும் 355, ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று தொடங்கும் 423. பொருள் வேறு, அதிகாரமும் வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போடுவது சுலபமாக நடக்கும். குறளில் முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்த்தால் விடுபட்ட சொல் தெரிந்துவிடும். மற்ற நூல்களுக்கு, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கையிலிருக்கும் போனிலேயே திறக்கும். பழைய அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் என்று இந்த ஊரில் வசதிக்குக் குறைவில்லை.

குழுவாகத் தேர்ந்தெடுக்கும்போது வேறு ஒரு தவறு வரும். எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடுவது. எந்த வரி மனதைத் தொடுகிறது என்பதற்கு ஓட்டு எடுக்கலாம். யார் சொன்னது என்பதற்கு ஓட்டு எடுக்க முடியாது. அதனால் பரிந்துரைப்பவர் வரியோடு நூல், பாட்டு எண் அல்லது பக்கம் ஆகியவற்றையும் தர வேண்டும். இன்னொருவர் மூலத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டு. அதுவும் ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் நடப்பது நல்லது. குழுவில் பெரியவர் ஒருவர் ‘அருமை’ என்றதும் மற்றவர்களும் கைதட்டிவிடுவார்கள்.

ஓட்டை மட்டும் நம்பினால் ஏற்கெனவே தெரிந்த வரிகளே சுற்றிச் சுற்றி வரும். வள்ளுவர், பாரதி, விவேகானந்தர், கலாம், மறுபடி வள்ளுவர். பெண்கள் எங்கே? குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார், கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைச் சொல்லித் தன் ஏக்கத்தைச் சொல்கிறார். அதைப் பலகையில் பார்க்கும் ஒருவர் ஒரு நிமிடம் நிற்பார். போட்ட வரிகளுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தால் யார் விடுபட்டார்கள் என்று தெரியும்.

நாளுக்கேற்ற வரி வேண்டும் என்று பிறந்தநாள், நினைவுநாள் காலண்டரை மட்டும் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். பாரதிக்கு டிசம்பர் 11, செப்டம்பர் 11 தவிர மற்ற நாட்களும் உண்டு. அதைவிட முக்கியம், முன்கூட்டியே அடுக்கி வைத்த வரிகளை அன்றைக்குக் காலையில் ஒருமுறை பார்ப்பது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததையும், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றதையும் பார்த்த ஊர் இது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாளில் மழையின் பெருமையை மட்டும் பாடும் வரி போனால் நோகும். ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை’ என்ற 15ஆம் குறள் கெடுப்பதையும் சொல்கிறது, தூக்கிவிடுவதையும் சொல்கிறது. அன்றைக்கு அதுதான் பொருந்தும்.

உரிமை விஷயம் சுருக்கமாக. பாரதியின் படைப்புகள் பொதுச் சொத்து. ஆனால் இறந்து 60 ஆண்டு ஆகாதவர்களின் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஒன்றிரண்டு வரிகளைப் பெயரோடு எடுத்துக்காட்டுங்கள். முழுக் கவிதையையும் இறக்கி வைக்காதீர்கள்.

தவறு வந்துவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். மறுநாள் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், நேற்றைய வரி யாருடையது என்று எழுதிவிட்டு அப்புறம் அன்றைய வரியைப் போடுங்கள். நேற்று படித்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்றும் அந்தப் பலகையைப் பார்ப்பார்.