காகித நெகட்டிவ்: மீட்டரை முழுக்க நம்பாதீர்கள்

ஃபிலிமுக்குப் பதிலாக கறுப்பு வெள்ளை அச்சுக் காகிதத்தை கேமராவுக்குள் வைத்துப் படம் எடுக்கிறீர்களா? வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) 6-இல் வைத்துத் தொடங்குங்கள். பினாங்கு உச்சி வெயிலுக்கு லென்ஸ் துளை எஃப் 16 என்றால் சுமார் 1/6 விநாடி.

இங்கேதான் சிக்கல். மீட்டர் எல்லா நிறத்தையும் அளக்கும். காகிதத்துக்கு நீலமும் ஓரளவு பச்சையும்தான் தெரியும். சிவப்பு தெரியாது (அதனால்தான் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கழுவ முடிகிறது). மாலை ஏழு மணிக்கு ஜார்ஜ்டவுன் முழுக்கப் பொன்னாய் மின்னும். மீட்டர் வெளிச்சம் தாராளம் என்று சொல்லும், காகிதமோ பாதிக் குருடு. அந்த நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது இரண்டு முதல் நான்கு மடங்கு நேரம். மஞ்சள் பல்பு எரியும் கடைக்குள் இன்னும் கூட்ட வேண்டும். நான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை ஒன்றை மீட்டர் சொன்னபடியே எடுத்தேன். ரோஜா மாலையெல்லாம் கரிக்கட்டையாக வந்தது!

அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை) நிழலும் மழைமேகமும் நேர்மாறு. அந்த வெளிச்சத்தில் நீலம் அதிகம், மீட்டர் சொல்வதே போதும். சில சமயம் அரை ஸ்டாப் குறைத்தாலும் சரியாக வரும். எனக்குப் பிடித்தது மேகமூட்டம்தான். நேர் வெயிலில் சுவர் சுண்ணாம்பு, நிழல் மை, நடுவில் ஒன்றுமில்லை. வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், மல்டிகிரேட் காகிதத்துக்கு (ஒளியின் நிறத்தைப் பொறுத்து கான்ட்ராஸ்ட் மாறும் காகிதம்) மஞ்சள் ஃபில்டர் போடுங்கள், கான்ட்ராஸ்ட் குறையும். அப்புறம், ஃபில்டருக்கான கூடுதல் நேரத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்.