எப்பாக்சி அடித்தும் கொப்புளமா? முதலில் கத்தியால் கீறிப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடி இரும்பு டேங்க் ஸ்டாண்டுக்கு எப்பாக்சி (இரண்டு டின் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. டேங்க் தண்ணீர் சொட்டும் பக்கமெல்லாம் உளுந்து உளுந்தாகக் கொப்புளம். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தப்பு என்னுடையது.

1. கீறிப் பாருங்கள். பெயிண்டோடு கருநீலச் செதில் வந்தால், புது இரும்பின் மில் ஸ்கேலை (ஆலையில் சூடாக உருட்டும்போதே படியும் தோல்) சுரண்டாமல் அடித்திருக்கிறீர்கள். மேல் கோட் மட்டும் உரிந்தால், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நாள் தள்ளியிருக்கும், இல்லையேல் அழுக்கோ ஈரமோ படிந்திருக்கும். ஆங்கிள் ஓரத்தில் மட்டும் துரு என்றால், ஓரத்தில் பெயிண்ட் நிற்கவில்லை. கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீர் வருகிறதா? பெரும்பாலும் உப்புதான்.

2. சுரண்டுங்கள். கிரைண்டரில் வயர் கப் பிரஷ் போடாதீர்கள். இரும்பைப் பளபளப்பாக்கிவிடும், பெயிண்டுக்குப் பிடிமானம் இருக்காது. என் ஓட்டு ஃபிளாப் டிஸ்க்குக்கு (எமரித் துண்டுகளை அடுக்கிய கிரைண்டர் தட்டு).

3. கழுவுங்கள். நான் சறுக்கிய இடம் இது. எந்தப் பெயிண்டும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. அடியில் கடல்காற்று உப்பு இருந்தால் அது ஈரத்தை உள்ளே இழுத்து, பெயிண்டைத் தூக்கிவிடும். நான் கழுவாமல் இல்லை. எங்கள் போர் தண்ணீரில் கழுவினேன், அதுவே உப்பு!

இப்போது ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) வைத்திருக்கிறேன். கையுறை போட்டு (வியர்வையும் உப்புதான்), 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, ஒரு சாண் சதுர இடத்தைத் துடைத்து, அதே தண்ணீரில் பிழிந்தேன். துடைக்கும் முன் 3 பி.பி.எம். காட்டிய மீட்டர் 140-க்கு ஏறியது. போர் தண்ணீரில் கழுவியபின் 110. ஆர்.ஓ. கேன் தண்ணீரில் தேய்த்து இரண்டு முறை அலசியபின் 12. துருக்குழிக்குள்ளும் உப்பு ஒளிந்திருக்கும், அதனால் சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் கழுவுங்கள். காய்ந்ததும் மஞ்சளாகப் படியும் மெல்லிய துருவை எமரியால் எடுத்து, தூசியைத் துடைத்துவிட்டால் போதும்.

4. நேரம் பாருங்கள். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 25 டிகிரி இரும்பிலேயே பனி கோத்துவிடும். பனி கோக்கும் வெப்பநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். விடியற்காலையில் பிரஷ் எடுக்காதீர்கள்.

5. ஹார்ட்னரை (பெயிண்டை இறுக வைக்கும் இரண்டாவது டின்) கண்ணளவில் ஊற்றாமல் டின்னில் போட்ட விகிதப்படி அளந்து கலக்குங்கள். ஓரம், வெல்டிங், போல்ட் தலை எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட், பிறகு மொத்தத்துக்கும்.

பின்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவர், தன் கேட்டில் எப்பாக்சி சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது என்று எழுதியிருந்தார். வெயில் எப்பாக்சிக்கு ஆகாது. மேலே வெயில் தாங்கும் பாலியூரிதேன் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பொடி போகும்வரை எமரி போட்டுத் துடைத்துவிடுங்கள்.