அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளை கொல்லப்பட்டால்: குடியேறிய குடும்பம் செய்யவேண்டியவை

முதல் நாளே வழக்கு எண்ணையும், விசாரிக்கும் டிடெக்டிவின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள். இனி நிரப்பப்போகும் பல படிவங்களில் அவற்றைக் கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் காவல் துறைகளுக்கு 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி மொழி உதவி தரும் கடமை உண்டு. வீட்டில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். அண்ணன் உடலில் பட்ட காயங்களை அம்மாவிடம் அந்தக் குழந்தை சொல்லக்கூடாது.

கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனையைப் பொதுவாகக் குடும்பத்தால் தடுக்க முடியாது. சடங்குக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தால் மெடிக்கல் எக்ஸாமினர் (பிரேதப் பரிசோதனைக்குப் பொறுப்பான அரசு மருத்துவர்) அலுவலகத்தில் உடனே சொல்லிவையுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் 'பெண்டிங்' (இன்னும் முடிவாகவில்லை) என்று வரலாம். தகனத்துக்கோ அடக்கத்துக்கோ அது பெரும்பாலும் தடையில்லை. காப்பீட்டுப் பணம்தான் அதனால் தாமதமாகலாம். காரணம் பதிவானதும் சான்றளித்த நகல்கள் மறுபடி வாங்கவேண்டும்.

இறுதிச் சடங்குச் செலவுக்கும் மனநல ஆலோசனைக்கும் உதவ ஒவ்வொரு மாநிலத்திலும் 'விக்டிம் காம்பன்சேஷன்' (குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு) திட்டம் உண்டு. வழிகாட்ட, காவல் துறையிலோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலோ இருக்கும் 'விக்டிம் அட்வகேட்'டை (பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவும் பணியாளர்) கேளுங்கள். காப்பீடு போன்றவை கொடுத்தது போக மீதியைத்தான் தருவார்கள். எனவே எல்லா ரசீதும் வேண்டும். நண்பர்கள் இணையத்தில் நிதி திரட்டுகிறார்களா? 'சடங்குச் செலவுக்கு' என்று குறிப்பிட்டால் சில இடங்களில் அந்தத் தொகையைக் கழித்துவிடுவார்கள். எப்படி எழுதுவது என்று அட்வகேட்டிடம் முன்பே கேளுங்கள். இந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிள்ளையின் மத்திய அரசுக் கல்விக் கடன், அதற்காகப் பெற்றோர் வாங்கிய 'பேரண்ட் பிளஸ்' கடன் இரண்டும் இறப்புச் சான்றிதழைக் காட்டினால் ரத்தாகும். தனியார் கடன் 2018 நவம்பர் 20 அன்றோ பிறகோ கையெழுத்தானது என்றால், உடன் கையெழுத்திட்டவருக்கும் விடுதலை. இப்படி ரத்தாகவேண்டிய கடனுக்கு, வசூல்காரர் கேட்கிறார் என்று ஒரு டாலர்கூடக் கட்டவேண்டாம்.

பலருக்கும் தெரியாத ஒன்று யூ விசா: குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவும் வெளிநாட்டவர் அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் விசா. கொல்லப்பட்ட பிள்ளைக்குக் குற்றம் நடந்த அன்று 21 வயது ஆகாமல் இருந்தால், பெற்றோரும் 18 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத உடன்பிறந்தவர்களும் தாங்களே பாதிக்கப்பட்டவர்களாக விண்ணப்பிக்கலாம். பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும் சரி. விசாரணைக்கு ஒத்துழைத்ததாகக் காவல் துறையோ அரசு வழக்கறிஞரோ யூ விசா விண்ணப்பமான ஐ-918இன் துணைப் படிவம் 'பி'யில் கையெழுத்திடவேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆறு மாதமே ஆயுள். அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்டு அலையவேண்டும்; ஆகவே மற்ற தாள்களைத் தயாராக்கிவிட்டு அதைக் கடைசியில் வாங்குங்கள். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் இடம், காத்திருப்பு பல ஆண்டுகள் நீளும். குடியேற்ற வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.