ஆர்டுயினோவுக்குப் பதில் வேறு போர்டு: நிரல் ஏறிவிட்டால் போதுமா?

இலவம்பாடிப் பக்கத்திலிருந்து என்னிடம் படிக்க வரும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், சென்ற கோடையில் வீட்டு முள்ளுக்கத்தரிப் பாத்திக்காக ஒரு கருவி செய்தான். மண்ணில் ஈரம் குறைந்ததும் சென்சார் சொல்லும். ரிலே என்ற மின்சுவிட்ச் சிறிய மோட்டாரை ஓட்டும். தொட்டித் தண்ணீர் சொட்டுக் குழாய்க்குப் போகும். நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகளான ஆர்டுயினோ வகையில் ஒன்றான யூனோ போர்டில் அது இரண்டு வாரம் பிசகாமல் ஓடியது. ஈரத்தின் அளவைக் கைப்பேசியிலும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறினான். கம்பிகளை மாற்றிச் செருகி, நிரலில் இருந்த பின் (கம்பி செருகும் முனை) எண்களை மட்டும் திருத்தி, பழைய நிரலையே ஏற்றினான். ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. மறுநாள் காலையில் ஆயிரம் லிட்டர் தொட்டி காலி. பாத்தியில் கணுக்கால் புதையும் சேறு.

“அண்ணா, நிரல் சரியாகத்தானே ஏறியது?” என்று கேட்டான். காட்பாடியில் மாலை வேளைகளில் மாணவர்களுக்கு மின்னணுப் பயிற்சி கொடுக்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நிரல் ஏறியது என்றால், அந்தச் சிப்புக்குப் புரியும் மொழியில் அது மாற்றப்பட்டுவிட்டது என்று மட்டுமே பொருள். வெளியே எத்தனை வோல்ட் வருகிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் நிரலை ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளுக்குத் தெரியாது.

அவன் நிரலில் இருந்த வரி இதுதான்: அளவு 600-ஐத் தாண்டினால் மண் காய்ந்திருக்கிறது, மோட்டாரை ஓட்டு. சென்சாரிலிருந்து வரும் வோல்ட்டை எண்ணாக மாற்றும் அனலாக் பின், யூனோவில் 0 முதல் 1023 வரை எண் தரும். ஈஎஸ்பி32 தருவது 0 முதல் 4095 வரை. யூனோவில் 325 என்று காட்டிய ஈரமண், புதிய போர்டில் 1,300-ஐ ஒட்டிக் காட்டியது. எவ்வளவு தண்ணீர் பாய்ந்தாலும் போர்டின் கணக்கில் அது வறண்ட நிலம்தான். விடியும்வரை மோட்டார் நிற்கவில்லை.

இதற்கு 600-ஐ நான்கால் பெருக்கினால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். ஈஎஸ்பி32-இன் அளவீடு இரு கோடிகளிலும் நேர்கோட்டில் இருப்பதில்லை. சென்சாரைக் காய்ந்த மண்ணில் ஒருமுறை, நீர் ஊற்றிய மண்ணில் ஒருமுறை செருகி, இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு நடுவில் ஓர் எல்லையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில போர்டுகளில் சிப்பின் திறன் அதிகமாக இருந்தாலும், பழைய நிரல்கள் கெடாமலிருக்க 1023 வரைதான் தருவார்கள். யூனோ ஆர்4 அப்படிப்பட்டது. ஆகவே போர்டு மாறினால் அளந்து பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

எண் தவறினால் தண்ணீர்தான் வீணாகும். வோல்ட் தவறினால் போர்டே போய்விடும். அசல் யூனோவும் அதன் நகல்களும் 5 வோல்ட்டில் பேசுபவை. ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ ஆகியவை 3.3 வோல்ட்டில் பேசுபவை. யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுக்கிறோமே என்று குழம்ப வேண்டாம். அது போர்டுக்குள் 3.3 ஆகக் குறைக்கப்பட்ட பிறகுதான் சிப்புக்குப் போகிறது. சிக்னல் பின்னில் வரும் வோல்ட்டைக் குறைக்க அங்கே யாரும் இல்லை.

பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் இந்த ஊரில், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் காட்டும் கருவியைச் செய்யாத மாணவர் குழுவை நான் பார்த்ததில்லை. அதில் எல்லோரும் பயன்படுத்துவது எச்சிஎஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார். எதிரொலி திரும்பியதைச் சொல்லும் அதன் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும். அதை நேராக ஈஎஸ்பி போர்டில் செருகினால் அன்றைக்கே புகை வராது. சில நாள், சில வாரம் வேலைகூடச் செய்யும். பிறகு ஒருநாள் அந்தப் பின் செத்துப்போகும். ‘என் போர்டு தாங்கியதே’ என்ற சாட்சியத்தை இதனால்தான் நான் ஏற்பதில்லை. தீர்வு இரண்டு ரெசிஸ்டர்கள்: எக்கோவிலிருந்து ஒரு கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் கம்பிக்கு) இரண்டு கிலோ ஓம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் 3.3 ஆகக் குறைந்திருப்பது தெரியும். அந்தச் சந்திப்பிலிருந்துதான் போர்டுக்குக் கம்பி போக வேண்டும்.

பின் எண்களைத் திருத்திவிட்டேன் என்று அந்த மாணவன் சொன்னானே, அதிலும் ஒரு குழி இருந்தது. சென்சாரை 27-ஆம் பின்னில் செருகியிருந்தான். ஈஎஸ்பி32-இல் அனலாக் பின்கள் இரண்டு அணிகளாக இருக்கின்றன. 27 இருக்கும் இரண்டாவது அணியை, வைஃபை இயங்கும்போது நம்பிப் பயன்படுத்த முடியாது. வைஃபைக்காக வாங்கிய போர்டில் வைஃபையோடு ஒத்துப்போகாத பின்! 32 முதல் 39 வரையுள்ள முதல் அணிக்கு மாற வேண்டும். இந்த அணியில் 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டுமே. அங்கே ரிலேயை மாட்டினால் ஒன்றும் நடக்காது.

ஈஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியூ போர்டில் குழப்பம் வேறு வகை. போர்டில் டி5 என்று அச்சிட்டிருக்கும். நிரலில் வெறும் 5 என்று எழுதினால் டி1-க்குப் போகும். டி5-இன் உண்மையான எண் 14. அச்சில் உள்ளபடியே டி5 என்று எழுதினால் போதும்.

கிராமத்துத் தோட்டத்தில் வைக்கும் கருவிக்கு இன்னொன்றும் முக்கியம். மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் போர்டு புதிதாகத் துவங்கும். அந்தக் கணத்தில், உங்கள் நிரல் ஓடத் தொடங்குமுன், ஈஎஸ்பி32-இன் 5, 14, 15 போன்ற பின்கள் தாமாகத் துடிக்கும். அங்கே ரிலே இருந்தால் மோட்டார் ஒரு வெட்டு வெட்டி நிற்கும். 12-ஆம் பின்னுக்குத் துவக்க நேரத்தில் 3.3 வோல்ட் வந்தால் போர்டு எழாமலே போகலாம். மேசையில் சோதிக்கும்போது இவை கண்ணில் படாது. அதனால் பிளக்கைப் பத்து முறை பிடுங்கி மாட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

லைப்ரரிகள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளில் பெரும்பாலானவை இன்று பல போர்டுகளிலும் ஓடுகின்றன. யூனோவின் ஏடிமெகா328பி சிப்பின் உள்ளறைகளை நேரடியாகத் தொட்டு எழுதப்பட்டவை மட்டும் வேறு சிப்பில் ஓடாது. ஆர்டுயினோ நிறுவனமே 2023-இல் கொண்டுவந்த யூனோ ஆர்4 போர்டு, வடிவத்திலும் 5 வோல்ட்டிலும் பழைய யூனோவைப் போன்றதுதான். சிப் வேறு என்பதால் அப்படிப்பட்ட லைப்ரரிகள் அதிலும் தடுமாறும். சத்தமில்லாமல் ஏமாற்றுவது, மின்சாரம் போனாலும் எழுதியதைக் காக்க வேண்டிய ஈப்ராம் நினைவகம். யூனோவில் எழுதினால் எழுதியது நிற்கும். ஈஎஸ்பி போர்டுகளில் தொடக்கத்தில் அளவைச் சொல்லித் திறந்து, எழுதிய பிறகு ‘கமிட்’ கட்டளையும் கொடுக்காவிட்டால், மின்சாரம் போனதும் எல்லாம் அழிந்திருக்கும்.

நகல் யூனோ, அதன் சிறிய வடிவமான நானோவின் நகல் வாங்குவோரின் சிக்கல்கள் எளியவை. போர்டு கணினிக்குத் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்கள் ஏராளம். அடுத்து, போர்டைக் கணினியின் யூஎஸ்பியோடு பேச வைக்கும் சிஎச்340 சிப்புக்கான டிரைவரை நிறுவுங்கள். நானோவில் நிரல் ஏறாமல் ‘நாட் இன் சிங்க்’ என்று பத்து முறை வந்தால், மென்பொருளில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்ற தேர்வுக்கு மாற்றிப் பாருங்கள். போர்டு கெட்டுவிட்டது என்று இதற்காகவே தூக்கிப் போட்டவர்களை நான் அறிவேன், வயிறு எரிகிறது.

அந்த மாணவனின் கருவி இப்போது மறுபடி பாத்தியோரத்தில் இருக்கிறது. சென்சார் 34-இல், ரிலே 26-இல். சென்சாருக்கு 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 வோல்ட். எல்லை எண்ணை அவனே இரண்டு தொட்டி மண்ணில் அளந்து எழுதினான். நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு கட்டளை: சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது.